பிளாஸ்டிக் புல்லில் நாயின் கால் சுடுமா?

முற்றத்தில் எதை விரிப்பது என்று கேட்டு இந்த முறை வந்த கேள்விகளில் ஆறைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மிருக வைத்தியராகவே பதில் சொல்கிறேன். அழகு பற்றிய முடிவு உங்களுடையது.

புது வீட்டு முற்றத்தில் மரம் ஒன்றும் இல்லை. இரண்டு நாய்கள் வளர்க்கிறோம். மரச்சீவலை விடச் சுத்தம் என்று சொல்லி, முற்றம் முழுக்கச் செயற்கைப் புல் போட கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்புகிறார். போடலாமா? (கிளிநொச்சி)

அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மரச்சீவலை நாய் கிளறும், கடித்து விழுங்கும்; மாரியில் அது ஊறி நாறும். புல் விரிப்பில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் அங்கத்தைய வெயில் வேறு, எங்கள் வெயில் வேறு. உயிருள்ள புல் தன் இலைகளால் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும். சித்திரை மத்தியானம் காற்றில் 34, 35 பாகை இருக்கும்போது, நிழலில்லாத விரிப்பின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டிவிடும். 50 பாகைக்கு மேல் சூடேறிய தரையில் சற்று நேரம் நின்றாலே பாதத் தோல் வெந்து கொப்பளிக்கும். நாய்க்கு எங்களைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். கீழேயும் சூடு, மேலேயும் சூடு என்றால் அது எங்கே போகும்? வெந்த பாதங்களுக்கு மருந்து கட்டியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடையில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். மத்தியான வெயிலில் இரண்டு மணித்தியாலம் போட்டுவிட்டு, புறங்கையை அதில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் அதில் நிற்கக் கூடாது. தண்ணீர் தெளித்தால் ஆறும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பழையபடி சுடும். ஆவணியில் கிணறு அடிமட்டத்துக்குப் போனபிறகு அதற்குத் தண்ணீர் எங்கே?

அண்ணாவின் காசில் முதலில் நிழலைச் செய்யுங்கள். விறாந்தைக்கு முன்னால் ஒரு பத்தியை இறக்கி, அதன் கீழ் மட்டும் புல்லை விரியுங்கள். மேற்குப் பக்கத்தில் இரண்டு வேம்பு வையுங்கள். மிச்ச முற்றம் கூட்டிய மணலாகவே இருக்கட்டும். எங்கள் அம்மாமார் காலையில் விளக்குமாற்றால் கூட்டிய அந்த முற்றம் நாய்க்கு மிக நல்ல தரை.

பத்திக்குக் கீழே போட்ட புல்தான். ஆனால் நாயின் மூத்திர வாடை தாங்க முடியவில்லை. (புதுக்குடியிருப்பு)

கீழே கிறவலை இறுக்கியோ சீமெந்து போட்டோ அதன்மேல் விரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூத்திரம் இறங்க வழியில்லாமல் அடியில் தேங்கி அமோனியாவாக மாறுகிறது. விரிப்பைக் கழற்றி, 3 அல்லது 4 அங்குலத்துக்குச் சல்லி பரப்பி, ஒரு பக்கம் சற்றுச் சரிவாக வைத்து மறுபடி விரியுங்கள். புல்லின் இடையில் தூவ மணல் போதும். ரயர் துகள் வேண்டாம். அது இன்னும் சூடேறும், நாயின் வாய்க்குள்ளும் போகும். நுண்பிளாஸ்டிக் பரவுவதால் அப்படியான துகள்களை விற்பதை 8 வருட அவகாசத்தோடு நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டம் கொண்டுவந்தது.

தினமும் ஒருதரம் தண்ணீர் ஊற்றுங்கள். கிழமைக்கு ஒருதரம் வினாகிரியைத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். கிணற்றுக்குப் போடும் குளோரீன் தூளை மட்டும் கொட்டிவிடாதீர்கள். மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். நாய்க்கும் ஆபத்து, கழுவுகிற உங்களுக்கும் ஆபத்து.

மாமரத்தின் கீழ் சருகும் மரச்சீவலும் தடிப்பாகப் போட்டிருக்கிறோம். பாம்பு வரும் என்று அம்மம்மா ஏசுகிறா. உண்ணியும் அதில்தான் வருகிறதா? (மாங்குளம்)

அம்மம்மா சொல்வதைக் கேளுங்கள். தடிப்பான மூடுபடைக்குள் எலியும் தவளையும் குடியேறும், அவற்றைத் தேடிப் புடையன் வரும். மோப்பம் பிடிக்கப் போகும் நாய்க்குக் கடி முகத்தில்தான் விழும். மூடுபடை 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வீட்டுச் சுவரோடும் ஒட்ட வேண்டாம்.

உண்ணி வேறு கதை. எங்கள் நாய்களில் அதிகம் ஏறும் பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலும் நாய்க்கூட்டின் இடுக்கிலும் முட்டையிடும். அதனால் புல்லை மாற்றியோ சருகை அள்ளியோ அதை ஒழிக்க முடியாது. நாய்க்கு மருந்து கொடுக்கவும் வேண்டும், கூட்டின் வெடிப்புகளைப் பூசவும் வேண்டும்.

உண்ணியை விட எனக்குக் கவலை கொக்கிப் புழு. நாயின் மலத்தில் வரும் முட்டை பொரித்து, ஈரலிப்பான நிழல் மண்ணிலும் சருகிலும் புழுவாக இருக்கும். வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் தோலுக்குள்ளும் அது புகும். இவற்றில் ஒரு இனத்துக்கு இலங்கையின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது: அன்சைலோஸ்ரோமா செய்லானிக்கம். அது மனிதக் குடலிலும் வளரக்கூடியது. மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள், நாய்க்குப் பூச்சி மருந்தைத் தவணை தவறாமல் கொடுங்கள்.

கச்சான் கோது சும்மா கிடைக்கிறது. மூடுபடையாகப் போடலாமா? (நெடுங்கேணி)

நாய் நடமாடும் இடத்தில் வேண்டாம். ஈரம் பட்ட கோதில் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளாரொக்சின் நாயின் ஈரலைக் கெடுக்கும். கோதில் ஒட்டியிருக்கும் பருப்புக்காக நாய் அதை மெல்லும். கடையில் பையில் விற்கும் கொக்கோக் கோதும் கூடாது. சொக்லேற்றில் நாய்க்கு நஞ்சாகும் அதே பொருள் அதிலும் இருக்கிறது.

எங்கள் களிமண்ணில் செயற்கைப் புல் நிற்குமா? (முருங்கன்)

உங்கள் மண் மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். நேரே அதன்மேல் விரித்தால் பொருத்துகள் பிரிந்துவிடும். சல்லி தடிப்பாகப் போட வசதி இல்லையென்றால் அந்தச் செலவில் இறங்காதீர்கள்.

இரண்டும் வேண்டாம், பச்சையாக ஏதாவது வேண்டும் என்றால்? நாயின் மூத்திரம் பட்டுப் புல் கருகுகிறதே. (வவுனியா)

அறுகு போடுங்கள். ஆட்கள் அதிகம் நடக்காத பக்கம் பொடுதலையும் நன்றாகப் படரும். மூத்திரத்தில் இருக்கும் நைதரசன் ஒரே இடத்தில் விழுவதால்தான் கருகுகிறது. நாய் போன உடனேயே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் தப்பும். ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் நடுங்கள். வேர் பிடிக்கும் வரை நாயை மற்றப் பக்கத்தில் விடுங்கள், இல்லாவிட்டால் நட்டதை எல்லாம் ஒரே நாளில் கிண்டிவிடும்.