ஹூபர் கிடைத்தால் வேலையைக் காப்பாற்றலாம்

தம்பி, விஸ்கான்சினுக்கு வந்து நான்கு மாதத்திலேயே உனக்கு இப்படி ஒரு கவலை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாம் முறை மாட்டிக்கொண்ட உன் அண்ணனுக்கு 30 நாள் கவுண்டி (மாவட்ட) ஜெயில், வேலைக்கு மட்டும் வெளியே போய்வர விடும் ஹூபர் அனுமதியும் உண்டு என்று எழுதியிருக்கிறாய். உள்ளே எப்படி இருக்கும், வேலை தங்குமா என்று கேட்கிறாய். என்னோடு அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவர் இதே தண்டனையை அனுபவித்தார். தினமும் காரில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிட்டவன் நான்.

அம்மா பயந்துவிடாமல் இருக்க முதலில் இதைச் சொல்: இது பெரிய சிறை இல்லை. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் நடத்தும் ஜெயில். வழக்கு முடியாதவர்களும் ஒரு வருடத்துக்குள் தண்டனை பெற்றவர்களும்தான் அங்கே பெரும்பாலும் இருப்பார்கள். ஹூபர் என்பது 1913-ல் இந்த மாநிலம் போட்ட சட்டம்; அதைக் கொண்டுவந்த செனட்டரின் பெயர்தான் அது. வேலை நேரத்துக்கு வெளியே விடுவார்கள், மற்ற நேரமெல்லாம் உள்ளே. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கைதியிடமே காசு வாங்குவார்கள்.

நண்பருக்குக் கஷ்டமாக இருந்தது கடிகாரம்தான். ஜனவரிக் குளிரில் விடிவதற்கு முன்பே ஜெயில் வாசலில் நிற்பேன். வேலைக்குப் போகும் வழியில்தான் எங்கள் வீடு. அவர் ஒருநாள் கூட வீட்டுக்குள் வந்து ஒரு வாய் காபி குடிக்கவில்லை. அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுப்பேன். மாலையில் காலி டப்பாவையும் போனையும் என் கார் சீட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு உள்ளே போவார். வாசலில் சோதனை, குடிக்கவில்லை என்று கருவியில் ஊதிக் காட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும். தாமதமானால் ஹூபரே போய்விடும். சனி ஞாயிறுதான் அவருக்கு நரகம். நாள் முழுக்க டிவி இரைச்சல், தலை எண்ணிக்கை, இரவிலும் அணையாத விளக்கு. கமிசரி என்கிற ஜெயில் கடையில் வாங்கிய நூடுல்ஸைக் குழாய் வெந்நீரில் ஊறவைத்துச் சாப்பிட்டாராம். அண்ணன் சைவம் என்றால் முதல் நாளே எழுதிக் கொடுக்கச் சொல்.

அப்புறம் வேலை. மேனேஜரிடம் மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். வேலை நேரத்தை அலுவலகம் உறுதிசெய்தால்தான் ஜெயிலில் வெளியே விடுவார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்றால் அந்த நாட்களுக்கு அலுவலகம் வரலாமா என்று இப்போதே கேட்கட்டும். சில கவுண்டிகளில் காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை கட்டி வீட்டுக்கே அனுப்புவதும் உண்டு, வக்கீலிடம் விசாரியுங்கள். நன்னடத்தைக்கு நான்கில் ஒரு பங்கு கழியும், ஆகவே 30 நாள் ஏறக்குறைய 23 ஆகும்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பதால் இவ்வளவு சொல்கிறேன். இன்னொன்று: குடித்து ஓட்டிக் கைதானாலே விசா முத்திரையை ரத்து செய்ய அமெரிக்கத் தூதரகத்துக்கு அதிகாரம் உண்டு. குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம்.

அண்ணனின் லைசென்ஸும் பறிபோயிருக்கும். உனக்கும் இன்னும் கிடைக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல், காலை நேரத்துக்கு நான் வருகிறேன்.