அந்த இரண்டாம் பாதியை யார் சொல்வது?

கேள்வி: நான் சென்னையில் வசிக்கும் 41 வயதுக் கத்தோலிக்கப் பெண். விசுவாசத்தில் வளர வேண்டும் என்று மூன்று வருடமாக முயல்கிறேன். ஒரே வருடத்தில் திருவிவிலியம் முழுவதையும் படிக்கும் திட்டத்தில் இப்போது இரண்டாவது சுற்று. ஞாயிறு திருப்பலி தவறியதில்லை, வருடம் ஒரு தியானத்துக்கும் போகிறேன். ஆனாலும் செபிக்க உட்கார்ந்தால் மனம் வறண்டு கிடக்கிறது. எனக்கு நேரம் கிடைப்பது மாலை ஏழு மணிக்குத்தான். சரியாக அப்போது மாமியார் ஹாலில் செபமாலையை ஆரம்பித்துவிடுவார். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர், எல்லாம் பழைய செபம். அவரே சொல்லி அவரே பதிலும் சொல்லி முக்கால் மணி நேரம் இழுப்பார். ‘உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு செபியுங்கள்’ என்று ஆண்டவரே சொல்லியிருப்பதால், நான் கதவைச் சாத்திவிட்டு ஹெட்ஃபோனில் அருளுரை கேட்கிறேன். மூட்டுவலியால் மாமியார் இரண்டு வருடமாகக் கோவிலுக்கு வருவதில்லை. கணவர் வேலை முடிந்து வர ஒன்பது மணி. பிள்ளைகளுக்குச் செபம் என்றாலே அலுப்பு. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: சகோதரி, செப வறட்சி பற்றி எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. செபத்தைப் பற்றி நூல்களே எழுதிய துறவி, புனித அவிலா தெரேசாவே பதினெட்டு வருடம் வறட்சியில் தவித்தார், கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்களுக்கு வந்திருப்பது அந்த வறட்சி என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். “அவரே சொல்லி அவரே பதிலும் சொல்லி.” எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

செபமாலை இரண்டு குரலில் சொல்வதற்கென்று அமைந்த செபம். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். உங்கள் ஹாலில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு வயதான பெண். “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்று ஆரம்பித்து முதல் பாதியை முடிக்கிறார். சற்று நிறுத்துகிறார். பதில் சொல்ல யாரும் இல்லை. “அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று மறுபாதியையும் அவரே சொல்கிறார். 53 மணியிலும் இதேதான். “எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்” என்பதை அந்த வயதில் ஒருவர் தினமும் 53 தடவை தனியாகச் சொல்கிறார். நான்கு அடி தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால், வீட்டு மருமகள் ‘அன்பு’ என்ற தலைப்பில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்கலாம். ஆமாம், கோபம்தான்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அதை முழுதாகப் படியுங்கள். தெருமுனையில் நின்று ஊர் பார்க்கச் செபிப்பவர்களைக் கண்டித்துத்தான் ஆண்டவர் கதவை அடைக்கச் சொல்கிறார். மாமியாரின் குரல் காதில் விழாமல் இருக்க அல்ல. மூன்று வசனம் தள்ளி அவரே ஒரு செபம் கற்றுத் தருகிறார். அது “என் தந்தையே” என்றா தொடங்குகிறது? “எங்கள் தந்தையே” என்றல்லவா? உள்ளறைக்குள் தனியாக இருக்கும்போதும் உங்கள் வாயில் வர வேண்டிய சொல் ‘எங்கள்’. அந்தச் சொல்லுக்குள் உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது சுற்றில் இருப்பதால் ரூத்து நூலை ஒரு தடவையாவது தாண்டி வந்திருப்பீர்கள். நான்கே அதிகாரம். அதில் வரும் “உம் மக்களே என் மக்கள், உம் கடவுளே என் கடவுள்” என்ற உறுதிமொழியைத் திருமணங்களில் வாசித்து வாசித்து, ஏதோ மனைவி கணவனிடம் சொன்னது போல ஆக்கிவிட்டோம். அது ஒரு மருமகள் மாமியாரிடம் சொன்னது. அந்த மாமியாரும் இனிமையாகப் பேசிக்கொண்டிருந்தவர் இல்லை. என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், கசப்பு என்று பொருள்படும் மாரா என்று கூப்பிடுங்கள் என்று கசந்து கிடந்தவர். அன்றைய பங்கை முடித்து டிக் போட்டபோது இது உங்கள் கண்ணில் படவில்லை.

திருநூலை அறியாதவன் கிறிஸ்துவை அறியாதவன் என்பது புனித எரோணிமுவின் வாக்கு. 1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை எடுத்துச் சொல்லித்தான் எல்லாரையும் படிக்கத் தூண்டியது. அதனால் படிப்பதை விடச் சொல்ல மாட்டேன், வேகத்தை விடுங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி, திருநூல் வாசிப்புக்கு நான்கு படிகள் சொன்னார்: வாசிப்பது, அசைபோடுவது, மன்றாடுவது, கடவுள் முன் சும்மா இருப்பது. நாளுக்கு நான்கு அதிகாரம் ஓடினால் முதல் படியிலேயே நாள் முடிந்துவிடும். திருச்சபை ஞாயிறு வாசகங்களை மூன்று ஆண்டுக்குப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வருடம் மத்தேயு, அடுத்து மாற்கு, அடுத்து லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருவார். அவ்வளவு நிதானம் போதும். வரும் ஞாயிறு நற்செய்தியைத் திங்களன்றே எடுத்து, வாரம் முழுக்க அதிலேயே இருங்கள்.

அப்புறம் உங்கள் மாமியாரின் ஊர். 1542இல் சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறை அது. தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்வித்து, வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்கச் செபநூல் அந்த மக்களுக்காக வந்ததுதான். அந்தக் கரையில் விசுவாசம் வீட்டுக்குள் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு வளர்ந்தது. அப்படி வளர்ந்த ஒருவர் உங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்வது உங்களுக்கு இரைச்சலாகக் கேட்கிறது.

பிள்ளைகளுக்கு அலுப்பு என்கிறீர்கள். வராமல் என்ன செய்யும்? செபம் என்றால் பாட்டி தனியாக முணுமுணுப்பது, அம்மா கதவைச் சாத்திக்கொள்வது, அப்பா ஒன்பது மணிக்கு வருவது. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். பாட்டியும் தாயும் ஒரே வரியில் நிற்கிறார்கள், கவனியுங்கள். குடும்பத்தைக் குட்டித் திருச்சபை என்று திருச்சபை சொல்வதைப் பேச்சுக்குச் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அது கலைந்து கிடந்தால் எந்தத் தியான மையமும் அதை ஒட்டவைத்துத் தராது.

உங்கள் கணவரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அது அவருடைய தாய். ஒன்பது மணிக்கு வருபவருக்கு ஞாயிறு மாலை கூடவா இல்லை? இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வருடமாகக் கோவிலுக்கு வர முடியாதவருக்கு யார் நற்கருணை கொண்டுவந்தார்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் நற்கருணை தருவது பங்கின், அதாவது உங்கள் பகுதிக் கோவிலின், கடமை. பல பங்குகளில் மாத முதல் வெள்ளியன்று இதற்காகவே சாமியார் வீடுவீடாகப் போவார். நாளைக் காலையே பங்குத்தந்தையிடம் பெயர் கொடுங்கள். அவர் வரும் அன்று மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வையுங்கள். பிள்ளைகள் அன்று பள்ளிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனால் பரவாயில்லை.

செபத்தைவிட்டு அடுப்படிக்குப் போகச் சொல்கிறார்களே என்று வருந்திய தம் மடத்துச் சகோதரிகளுக்கு, சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று எழுதியவரும் அதே அவிலா தெரேசாதான். உங்களுக்கு அடுப்படிகூட இல்லை. ஹால்தான்.

இன்று ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வையுங்கள். ஹெட்ஃபோனை அலமாரியில் போடுங்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் பாதியை நீங்கள் சொல்லுங்கள். பழைய வார்த்தைகள் வராவிட்டால், “அத்தை, சொல்லிக்கொடுங்கள்” என்று கேளுங்கள். சனிக்கிழமைகளில் செபமாலை முடிந்ததும் மறுநாள் நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர் பாட்டிக்கு உரக்க வாசிக்கட்டும். நாற்பது நாள் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் மாமியார் சொன்ன ஒரு வார்த்தையாவது இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அவர் எதுவுமே பேசவில்லை.