இங்கே அரசியல் பேசாதீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

குன்னூரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டம் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை வந்து பேசியிருக்கிறீர்கள். மாதக் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால் அதிகம். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் முந்நூறு பேரைத் தாண்டிவிட்டோம். அட்மின்கள் நான்கு பேரில் நானும் ஒருவன். 'அரசியல், மதம், சாதி வேண்டாம்' என்று ஆரம்பத்திலேயே விதி போட்டிருந்தோம்.

போன மாதம் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தபோது, கூடலூர் நண்பர் ஒருவர், தாங்கள் இருக்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை, வீட்டுக்குக் கரண்ட் தர மறுக்கிறார்கள் என்று நீளமாக எழுதினார். 'இது இலக்கியக் குழு' என்றார் இன்னொருவர். பேச்சு முற்றி, 'பிடிக்கலைன்னா சிலோனுக்கே திரும்பிப் போங்க' என்று அவர் எழுதிவிட்டார். குழுவின் அமைதி கெடுகிறதே என்று, ராத்திரியே இருவர் எழுதியதையும் அழித்தேன். நடுநிலையாக இருக்க வேண்டுமென்று இருவரையும் நீக்கினேன். கருத்துச் சுதந்திரம் போயிற்று என்கிறார்கள் சிலர்; இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். நான் செய்தது சரியா? அட்மின் என்பதால் என் மேல் வழக்கு வருமா? புனைபெயரில் இருப்பவர்களை வைத்துக்கொள்ளலாமா? பேசாமல், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிடட்டுமா?

ம.,
குன்னூர்

அன்புள்ள ம.,

எனக்கு வரும் கடிதங்களுக்கு நான் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதுவதில்லை. இந்த வாரம் எனக்கே இதே எரிச்சல் இருந்தது, அதனால்தான். எங்கள் கோத்தகிரித் தெருவுக்கும் ஒரு குழு இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், காட்டெருமை எந்தச் சந்தில் நிற்கிறது என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தது. நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததல்லவா, அதைப் பற்றி இனி இங்கே யாரும் எழுத வேண்டாம், அது அரசியல் என்று போன வாரம் ஓர் அறிவிப்பு. போட்டவருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன். அவருக்கு எதிர்வீட்டுக்காரர் சீசனில் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவர். நான் இ-பாஸ் கட்சி. இந்த மலை இத்தனை வண்டிகளைத் தாங்காது. ஆனாலும் அந்த டிரைவர் தன் பிழைப்பைப் பற்றிப் பேசுவது எப்போது அரசியல் ஆயிற்று என்று அன்றைக்கு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். வழக்குப் பயம் வேண்டாம். அட்மினாக இருந்தார் என்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவரை வழக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. போட்டவரோடு நீங்களும் கூட்டுச் சேர்ந்தால் கதை வேறு. புனைபெயரா? தமிழில் எழுதியவர்களில் புனைபெயர்க்காரர்களையெல்லாம் எழுப்பி வெளியே அனுப்பினால் உங்கள் அலமாரியில் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நடுநிலை. தம்பி, இதில் எனக்கு உங்கள் மேல் கோபம்தான். ஒருவர் தன் வீட்டில் விளக்கு எரியவில்லை என்று எழுதினார். இன்னொருவர் அவரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார். இரண்டும் உங்களுக்கு ஒரே எடையாகத் தெரிந்ததா? அடித்தவனுக்கும் அடி வாங்கியவனுக்கும் ஆளுக்கொரு அடி போட்டு அனுப்பும் வாத்தியாரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வாத்தியாரை நியாயஸ்தர் என்று யாரும் சொன்னதில்லை.

கருத்துச் சுதந்திரம் போயிற்று என்று குதிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசியல் சாசனத்தில் பேச்சுரிமை தரும் 19(1)(அ) பிரிவு அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்காக எழுதியது. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களை நீங்கள் அழித்தால் யாருடைய உரிமையும் பறிபோகாது. (அழியுங்கள், புண்ணியமாகப் போகும்.) ஆனால் நீதிமன்றங்கள் இதில் பல வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன, அதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. இணையத்தில் பிறருக்கு எரிச்சலூட்டினால், அசௌகரியம் தந்தால் மூன்று வருடம் வரை சிறை. 2012இல் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரைக் கைது செய்தார்கள். அதே வருடம் மகாராஷ்டிரத்தில் ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்டதற்காக அவர் தோழியையும் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறிந்தது. ஒரு விஷயத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, வன்முறைக்கோ குற்றத்துக்கோ தூண்டிவிடுவது என்று பேச்சை மூன்றாகப் பிரித்துப் பார்த்த தீர்ப்பு அது. முதல் இரண்டும் கேட்கிறவருக்கு எவ்வளவு கசந்தாலும் பேசலாம். மூன்றாவதில்தான் அரசு கைவைக்க முடியும். உங்கள் கூடலூர் நண்பர் முதல் படியையே தாண்டவில்லை. 'குழுவின் அமைதி கெடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்த 66ஏயின் 'எரிச்சல்'தான்.

'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படத்தின் வழக்கையும் தேடிப் படியுங்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி அந்தப் படம் சொன்னதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் திரையிட்டால் கலவரம் வரும் என்று அரசு சொன்னபோது, கலவரம் செய்வேன் என்று மிரட்டுகிறவர்களைத் தடுப்பதுதான் உங்கள் வேலை, அதற்காகப் பேசுகிறவன் வாயை அடைக்கக் கூடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சண்டை வந்தது என்பதற்காக நீங்கள் இருவரையும் வெளியேற்றினீர்கள். சண்டையை ஆரம்பித்தது யார் என்று பார்க்கவே இல்லை.

அப்பா கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தார். சுவரில் இரண்டு பலகைகள். 'கடன் அன்பை முறிக்கும்' ஒன்று. அதை யாரும் மதித்ததில்லை, அப்பாவே மதித்ததில்லை. இன்னொன்று 'இங்கே அரசியல் பேசாதீர்'. அந்தக் காலத்தில் எல்லா டீக்கடையிலும் சலூனிலும் இருந்ததுதான். பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாப் பக்கம் உட்கார்ந்து நான் கணக்கு எழுதுவேன். அந்தப் பலகையின் கீழேதான் ஊரின் மொத்த அரசியலும் நடந்தது. தேயிலை வாங்கும் ஏஜென்ட் ஒருவர் தினமும் வருவார். டெல்லியில் ஆரம்பித்து பஞ்சாயத்து வரைக்கும் எல்லாரையும் கிழிப்பார். அவரிடம் ஒருநாளும் ஒருவரும் பலகையைக் காட்டியதில்லை.

ஒரு சம்பள நாளில் தோட்டத்து அம்மா ஒருவர் வர்க்கி வாங்க வந்தார். இலை நிறுக்கும்போது ஈரம், சாக்கு என்று சொல்லி எடையில் கழிக்கிறார்கள், கேட்டால் நாளைக்கு வேலை இல்லை என்கிறார்கள் என்று பொதுவாகத்தான் சொன்னார், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஏஜென்ட் டீயைக் கீழே வைக்காமல் விரலை மட்டும் தூக்கிப் பலகையைக் காட்டினார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னங்க எழுதியிருக்கு அதுல?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அப்பா வீரரெல்லாம் இல்லை. ஏஜென்டிடம் அவரே கடன் வாங்கியிருந்தார். வர்க்கியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆனால் வேறொரு விஷயத்தில் அப்பாவுக்குத் தயக்கமே இருந்ததில்லை. எதிரே இருப்பவனின் சாதியையோ தாயையோ இழுத்துத் திட்டினால், பாதி குடித்த கிளாஸானாலும் கையிலிருந்து வாங்கிவிடுவார். "காசு வேண்டாம், எழுந்திரு. இந்த வார்த்தைக்கு இங்கே டீ இல்லை." கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். ஏஜென்டுக்கும் ஒருமுறை கிளாஸ் போயிற்று, அப்பாவின் கடன் பாக்கி இருந்தபோதே. அந்த விதி எந்தச் சுவரிலும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எதைப் பேசக் கூடாது என்று விதி போட்டால் அது வசதியாக இருப்பவன் விரலுக்கு நேரே வந்து நிற்கும். அவனுடைய அரசியலுக்குப் பொது விஷயம் என்று பெயர். இல்லாதவனுடைய பொது விஷயத்துக்கு அரசியல் என்று பெயர். உங்கள் குழுவில் பச்சைத் தேயிலை விலையைப் பற்றி ஒருவர் எழுதினால் நீங்கள் அழிப்பீர்கள். ஊட்டி குளிரைப் பற்றிக் கவிதை எழுதினால் கைதட்டுவீர்கள். 2023இல் கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் விலை கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது உங்கள் குழுவில் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள்? சீகூர் யானை வழித்தடத் தீர்ப்பு 2020 அக்டோபரில் வந்தபோது? மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் ஒரு யானை செத்ததே, அப்போது? இந்த மலையில் இலை, யானை, நிலம், ரோடு இவற்றை எடுத்துவிட்டால் பேச மீதி இருப்பது பனிமூட்டம் மட்டும்தான்.

கூடலூர்க்காரர் எழுதியதைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. எண்ணித்தான் பிரித்தார்கள், மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள். இன்னும் சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறோம். 'திரும்பிப் போங்க' என்று உங்கள் உறுப்பினர் எழுதியது கோபத்தில் வந்த வார்த்தை இல்லை, ஐம்பது வருடமாக இங்கே புழங்குகிற வார்த்தை.

நிலத்தின் கதை அதைவிட நீளம். கூடலூரில் ஜன்மிகள் என்ற பெரும் நிலவுடைமைக்காரர்களின் ஜன்ம நில உரிமையை ஒழிக்கும் சட்டம் 1969இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1974இல். தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலத்தைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் குடியிருக்கிறவர்கள்தான் பட்டாவுக்கும் கரண்டுக்கும் அலைகிறார்கள். அந்தச் சட்டம் கிளப்பிய கேள்வி கடைசியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. நீதிமன்றத்திலிருந்து சட்டங்களைக் காப்பதற்கென்று சாசனத்தில் வைத்த ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டால் மட்டும் ஒரு சட்டம் தப்பித்துவிட முடியாது, சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்போம் என்று 2007 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நாட்டில் சட்டம் படிக்கிற பிள்ளைகளெல்லாம் படிக்கிற வழக்கு அது, கூடலூரிலிருந்து போனது. உங்கள் குழுவில் மட்டும் அது இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாதது! தோட்டத் தொழிலாளி நாவலில் அழுதால் உச்சுக்கொட்டலாம், குழுவில் வந்து எழுதினால் நீக்க வேண்டும். என்ன வாசிப்பு ஐயா இது?

கோபம் போதும். முந்நூறு பேரை ஒன்றாக உட்கார வைப்பது சம்பளமில்லாத வேலை, நடுராத்திரியில் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தால் யாருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தூங்கத்தான் தோன்றும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை மட்டும் அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி பூட்டிவையுங்கள். பாதிச் சண்டை விடிவதற்குள் ஆறிவிடும். பகலிலும் அப்படியே வைத்தால் அது அறிவிப்புப் பலகை, அதற்கு முந்நூறு பேர் எதற்கு?

அழிப்பதைப் பகலில் செய்யுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 'அட்மின் அழித்தார்' என்ற ஒற்றை வரி மட்டும் நின்றால், அங்கே என்ன இருந்திருக்கும் என்று முந்நூறு பேரும் ஆளுக்கொன்று கற்பனை செய்வார்கள். எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மிரட்டல், சாதி வசவு, ஒருவருடைய ஃபோன் நம்பரையோ வீட்டு விலாசத்தையோ போடுவது, 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்பது, இவற்றை யோசிக்காமல் எடுக்கலாம். மற்றதை விடுங்கள். சாதியைப் பற்றிப் பேச வேண்டாம் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். சாதியைச் சொல்லித் திட்டுவதும் சாதியைப் பற்றிப் பேசுவதும் ஒன்றா?

நான்கு அட்மின்களும் எந்த ஊர்? குன்னூரும் ஊட்டியுமாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணைச் சேருங்கள். உங்கள் நண்பரை மெசேஜ் அனுப்பாமல் ஃபோனில் கூப்பிடுங்கள். அவர் எழுதியதை அவரே திரும்பப் போடட்டும். திரும்பிப் போகச் சொன்னவர் மன்னிப்புக் கேட்டால் வரட்டும், கேட்காவிட்டால் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தைக் கூடலூரில் வையுங்கள். ஊட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், பைக்காரா, நடுவட்டம் வழியாக பஸ் இருக்கிறது. தூரம் என்று யாராவது சொன்னால், இத்தனை நாளும் கூடலூர் நண்பர் குன்னூருக்கு எப்படி வந்தார் என்று கேளுங்கள். தேதி சொல்லுங்கள், நானும் வருகிறேன். வளைவுகளில் எனக்குத் தலைசுற்றும், ஜன்னல் சீட் பிடித்துவையுங்கள்.

அன்புடன்.