இடமிருந்து வலம் போகும் தட்டு மட்டும் ஏன் தப்புகிறது?

கேள்வி: எனக்கு வயது 47. வலது கைக்காரன், வலது தோளில்தான் துப்பாக்கி வைக்கிறேன். இரண்டு வருடமாக, எந்திரம் வானில் வீசும் களிமண் தட்டைச் சுடுகிறேன். வலமிருந்து இடம் போகும் தட்டு என்றால் பிரச்சினையே இல்லை. லீட், அதாவது தட்டுக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்ற கணக்கு, எதுவும் யோசிக்காமல், தட்டைப் பார்த்துச் சுட்டாலே உடைகிறது. அதுவே இடமிருந்து வலம் போனால் பத்தில் எட்டு தப்பிவிடுகிறது. 25-க்கு 17, 18 என்று ஒரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறேன். வாரக் கடைசியில் ஒரே நாளில் 250 தோட்டா வரை போகிறது. தூக்கத்தில்கூடத் தட்டு பறக்கிறது. நீளமான குழல் உள்ள புதுத் துப்பாக்கி வாங்கலாமா? குழல் நுனியைக் குறுக்கிச் சிறு குண்டுகள் சிதறுவதைக் குறைக்கும் சோக்கை இறுக்கினால் சரியாகுமா?

பதில்: புதுத் துப்பாக்கி வேண்டாம். சோக்கையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: லீட் யோசிக்காமல் சுட்டாலே உடைகிறது என்கிறீர்களே, அது. உங்களுக்கு நன்றாக வருவதாக நீங்கள் நினைக்கும் பக்கத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 35 மீட்டர் தூரத்தில் குறுக்கே போகும் தட்டு ஒன்று, வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகும். ஆனால் காற்றில் சீக்கிரமே தளர்ந்துவிடும். அந்த 35 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும். அதற்குள் தட்டு இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அந்த இரண்டு மீட்டர்தான் லீட். தட்டைப் பார்த்து நேராகச் சுட்டால் ரவை அதன் வாலுக்குப் பின்னால்தான் போக வேண்டும். உங்களுக்கு உடைகிறது என்றால், அந்த இரண்டு மீட்டரை வேறு யாரோ உங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

தட்டுக்குப் பின்னாலிருந்து வேகமாகத் துப்பாக்கியை ஓட்டி, அதைத் தாண்டும் நொடியில் விசையை இழுக்கும் பழக்கம் இருந்தால், அந்த ஓட்டமே கொஞ்சம் லீட் கொடுக்கும். அது நியாயமான வரவு. ஆனால் அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் என் முதல் சந்தேகம் உங்கள் இடது கண் மேல்.

வலக்கை, இடக்கை போலக் கண்ணிலும் ஒன்றுக்குக் கை ஓங்கியிருக்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது, ஒரு பொருளை நோக்கிக் கை நீட்டினால் மூளை அந்தக் கண்ணின் கோட்டைத்தான் நம்பும். கன்னம், துப்பாக்கியில் தோளோடு வைக்கும் கட்டையில் படிந்திருக்கும்போது வலது கண், குழலின் மேல் ஓடும் ரிப் என்ற பட்டைக்கு நேர் மேலே இருக்கிறது. இடது கண் அதிலிருந்து ஆறு செ.மீ. தள்ளி இருக்கிறது. கண்ணிலிருந்து குழலின் நுனி சுமார் ஒரு மீட்டர். இப்போது இடது கண் பொறுப்பை எடுத்துக்கொண்டு, நுனியில் குறி பார்க்க உள்ள சிறு மணியைத் தட்டின் மேல் கொண்டுபோய் வைத்தால், குழல் உண்மையில் தட்டுக்கு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மீட்டருக்கு ஆறு செ.மீ. பிசகு என்றால் 35 மீட்டரில் இரண்டு மீட்டர்.

பார்த்தீர்களா, அதே இரண்டு மீட்டர். வலமிருந்து இடம் போகும் தட்டுக்கு அது இலவச லீட். இடமிருந்து வலம் போகும் தட்டுக்கு, இருக்க வேண்டிய லீடும் இல்லை, அதற்கு மேல் இரண்டு மீட்டர் பின்னாலும் போகிறது. ஒரே பிழை ஒரு பக்கம் உங்களுக்கு லஞ்சம் கொடுக்கிறது, மறுபக்கம் வட்டியோடு வசூல் செய்கிறது.

நடைமுறையில் இது இவ்வளவு சுத்தமாக நடப்பது அபூர்வம். பெரும்பாலும் இரண்டு கண்ணும் இழுபறியில் இருக்கும். ஒரு தட்டுக்கு ஒன்று ஜெயிக்கும், அடுத்ததற்கு மற்றொன்று. களைப்பாக இருந்தால் மாறும். நாற்பதைத் தாண்டிய பிறகு மாறியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒருவர் சோதித்துப் பார்த்து வலது கண்தான் என்று சொல்லியிருந்தாலும் இப்போது மறுபடி பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, கட்டைவிரல்களுக்கு நடுவே சிறு ஓட்டை விடுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி, தூரத்தில் உள்ள ஒரு விளக்கையோ கதவுப் பிடியையோ அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். பொருள் ஓட்டையிலேயே இருந்தால் வலது கண் ஓங்கியது. காணாமல் போனால், நான் சொன்னதுதான். காலையில் ஒரு தடவை, சுட்டுக் களைத்த பிறகு ஒரு தடவை என்று பத்து முறையாவது செய்யுங்கள்.

சரி, கண்ணில் பழுது இல்லை என்றால்? வலது கைக்காரர்கள் எல்லோருக்குமே இடமிருந்து வலம் கொஞ்சம் கஷ்டம்தான், அதற்கு உடம்பு காரணம். இடப்பக்கம் திரும்பும்போது கட்டை கன்னத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. வலப்பக்கம் திரும்பும்போது கன்னத்தை விட்டு விலகப் பார்க்கிறது. அதோடு, பாதி வழியில் இடுப்பு முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். கை மட்டும் மேற்கொண்டு தள்ளும். அப்போது குழல் நேர்கோட்டில் போகாமல் வில்லாக வளைந்து கீழே இறங்கும், ஓட்டமும் நின்றுவிடும். தட்டோ நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு வைத்தியம் காலில். பெரும்பாலானோர் தட்டு கிளம்பும் இடத்தைப் பார்த்து நிற்கிறார்கள். அப்படி நிற்காதீர்கள். தட்டை எங்கே உடைக்கப்போகிறீர்களோ அந்த இடத்துக்கும் சற்று வலப்பக்கமாக உங்கள் தொப்புள் பார்க்கும்படி நில்லுங்கள். அப்புறம் இடுப்பை மட்டும் இடப்பக்கம் திருப்பிக் குழலைத் தயார் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தயார் இடமும் எந்திரத்தின் வாயருகே வேண்டாம். எந்திரத்துக்கும் உடைக்கும் இடத்துக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். குழல் அங்கே, கண் மட்டும் எந்திரத்தின் பக்கம். குழலை வாயருகே வைத்தால் தட்டு உங்களை முந்திக்கொண்டு ஓடும், நீங்கள் துரத்துவீர்கள். துரத்துகிறவர் கடைசியில் மணியைத் திரும்பிப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று அளப்பார். அளந்த நொடியில் குழல் நின்றுபோகும்.

கண்ணா, காலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு சோதனை சொல்கிறேன். முதலாவது ஸ்கீட் மைதானத்தில், அதாவது இரு பக்க வீடுகளிலிருந்து வீசும் தட்டை அரைவட்டத்தில் உள்ள நிலைகளில் நின்று சுடும் மைதானத்தில், நான்காவது நிலையில். அரைவட்டத்தின் நடுவில் நிற்கிறீர்கள். இடப்பக்க உயர வீட்டிலிருந்து வரும் தட்டும் வலப்பக்கத் தாழ்ந்த வீட்டிலிருந்து வரும் தட்டும் உங்களுக்கு முன்னால் சுமார் 19 மீட்டரில் குறுக்கிடும். தூரமும் வேகமும் ஒன்றே, திசை மட்டும்தான் வேறு. 1920-களில் மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது கடிகாரம் போல முழு வட்டமாகத்தான் வைத்திருந்தார். எல்லாக் கோணமும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பது எண்ணம். பக்கத்து நிலத்தில் கோழிப்பண்ணை வந்ததால் பாதியாகக் குறைத்தார் என்பார்கள். இருபத்தைந்து உயர வீட்டுத் தட்டு, இருபத்தைந்து தாழ்ந்த வீட்டுத் தட்டு சுட்டு, தனித்தனியாக எழுதி வையுங்கள். முழுசாகத் தூளாகாத தட்டுகளையும் கவனியுங்கள். பின்விளிம்பில் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்து, மீதித் தட்டு அப்படியே பறந்துபோனால் ரவை பின்னால் போயிருக்கிறது.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். மைதானத்தில் தாள் மாட்டிச் சுடும் இடம் இருக்கும். 15 மீட்டரில் பெரிய தாள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு கண்ணும் திறந்து, புள்ளியை மட்டும் பார்த்து, துப்பாக்கி தோளில் ஏறியதும் சுடுங்கள். குறி பார்த்து நிற்கக் கூடாது. ஐந்து தோட்டா. தாளை மாற்றி, இடது கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு ஐந்து. முதல் தாளில் ரவைக் கூட்டம் இடப்பக்கம் ஒதுங்கி, இரண்டாவதில் நடுவுக்கு வந்துவிட்டால், கண். இரண்டிலும் நடுவில் இருந்தால், கால். இரண்டிலும் ஒரே அளவு இடப்பக்கம் போயிருந்தால் கட்டை உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம் என்பார்கள். ஆனால் சில சமயம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும். கட்டையில் ஒன்றரை மி.மீ. மாற்றினால் 15 மீட்டரில் ரவைக் கூட்டம் இரண்டு, இரண்டரை செ.மீ. நகரும். அதைத் துப்பாக்கிக் கட்டை வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், வீட்டு அரத்தோடு நீங்கள் இறங்க வேண்டாம்.

கண்தான் என்று தெரிந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஆரம்பக்காரராக இருந்தால் இடது தோளுக்கு மாறச் சொல்லியிருப்பேன். இரண்டு வருடப் பழக்கத்தை மாற்றுவது பெரிய வேலை. பாதுகாப்புக் கண்ணாடியின் இடது வில்லையில் மங்கலான ஒட்டுநாடாவை விரல் நக அளவு வெட்டி ஒட்டுங்கள். இடம் முக்கியம்: காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு, நண்பர் ஒருவரை விட்டு, உங்கள் இடது கண் குழல் நுனியைப் பார்க்கும் அந்தப் புள்ளியில் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். துப்பாக்கி காலிதானா என்று நீங்கள் பார்த்த பிறகு அவரும் பார்க்க வேண்டும்; அவர் குழலின் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்னால் வரவே கூடாது. தட்டு கிளம்புவதை இடது கண் பார்க்கும், மணி மட்டும் அதற்குத் தெரியாது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். வலமிருந்து இடம் போகும் தட்டுகள்கூடத் தப்ப ஆரம்பிக்கும், ஏனென்றால் இலவச லீட் நின்றுபோகும். அப்போது நாடாவைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்துக்கும் இப்போதுதான் உண்மையான லீட் கற்றுக்கொள்கிறீர்கள்.

சோக் பற்றி இரண்டு வரி. முழுச் சோக்கில் சுமார் 36 மீட்டரில் எழுபது விழுக்காடு ரவை 76 செ.மீ. வட்டத்துக்குள் விழும், அரைச் சோக்கில் அறுபது. இரண்டு மீட்டர் பின்னால் போகும் கூட்டத்தை இன்னும் நெருக்கிக் கட்டி என்ன லாபம்?

அப்புறம் அந்த 250 தோட்டா. ஒலிம்பிக்கில் தட்டு சுடும் ட்ராப், ஸ்கீட் என்ற இரண்டு போட்டியிலும் தகுதிச் சுற்று 125 தட்டுதான், அதுவும் இரண்டு நாளில். நீங்கள் ஒரே நாளில் அதன் இரு மடங்கு சுடுகிறீர்கள். நூறு தாண்டிய பிறகு தோள் உதைக்குப் பயப்படத் தொடங்கும்; உங்களுக்கே தெரியாமல் கண் சிமிட்டி, விசையை இழுக்கும் நொடியில் உடம்பு முன்னால் குலுங்கும். அது ஒட்டிக்கொண்டால் கண் பிரச்சினையைவிடப் பத்து மடங்கு தொல்லை. என் கையே ஒரு வருடம் அப்படி உறைந்து நின்றிருக்கிறது: தட்டு தெரிகிறது, விரல் அசையவில்லை. ஆகவே ஒரு மாதத்துக்கு நாளுக்கு 75 தோட்டா, அதுவும் 24 கிராம் ரவை. சர்வதேசப் போட்டியில் அதற்கு மேல் அனுமதியே இல்லை. அந்த எடையில் எல்லாத் தட்டும் உடைகிறது.

மிச்ச வெறிக்கு வீட்டில் வடிகால் இருக்கிறது. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கியைத் திறந்து காலிதான் என்று இரண்டு முறை பாருங்கள். சுவரும் கூரையும் சேரும் கோட்டில் இடமிருந்து வலமாகக் குழல் நுனியை ஓட்டிக்கொண்டே மெதுவாகத் தோளில் ஏற்றுங்கள். கன்னம் கட்டையில் படியும்போது நுனி கோட்டைவிட்டு விலகினால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் போதும், கை வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

தூக்கத்தில் தட்டு பறப்பதற்கு என்னிடம் மருந்து இல்லை, எனக்கும் பறக்கிறது. அந்த இரண்டு தாள்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். கட்டையைத் தொடுவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.