ஆளைப் பார்த்துச் சொல்லும் விலை: நுகர்வோர் கேள்வி-பதில்

வாடிக்கையாளரின் உடையைப் பார்த்து அவரை நடத்தும் கடைகளைப் பற்றிப் பெங்களூர் வாசகர்கள் எழுதிய கடிதங்களை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியும், கடைகளின் பெயர்களை நீக்கியும் வெளியிடுகிறேன்.

கேள்வி: நான் வீடுகளில் சமையல் வேலை செய்கிறவள். சீட்டு எடுத்த பணத்தில் மகளுக்கு ஜிமிக்கி வாங்க, வேலை முடிந்த கையோடு, கட்டியிருந்த புடவையிலேயே நகைக்கடைக்குப் போனேன். "அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் விலை அதிகம், இங்கேயே பாருங்கள்" என்று ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்தார்கள். 4 கிராம் ஜிமிக்கிக்கு 18 சதவீதம் சேதாரம் போட்டார்கள். அதே கடையில் அதே வேலைப்பாடுள்ள ஜிமிக்கியை, நான் வேலை செய்யும் வீட்டம்மா 11 சதவீதச் சேதாரத்தில் வாங்கியிருக்கிறார். இரண்டு பில்லும் என்னிடம் இருக்கின்றன. கூடுதலாக வாங்கியதைக் கேட்டால் திருப்பித் தருவார்களா? — ஸ்ரீராமபுரம் வாசகி

பதில்: கேளுங்கள், அம்மா. கூட்டம் இல்லாத ஒரு காலை நேரத்தில் போய், விற்பனையாளரிடம் அல்லாமல் மேலாளரிடம் இரண்டு பில்களையும் அருகருகே வைத்து, இந்த வேறுபாடு எதனால் வந்தது என்று மட்டும் கேளுங்கள். வீட்டம்மா உடன் வரச் சம்மதித்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அந்தக் கடையில் எந்த வாதம் எடுபடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சேதாரமும் செய்கூலியும் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் வரம்பு கட்டவில்லை. தங்கத்தின் அன்றைய விலை பலகையில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. சேதாரமோ கடைக்காரரின் வாயில் இருக்கிறது. உடையைப் பார்த்து விலை மாறுவது அந்த இடத்தில்தான். ஆகவே கூடுதல் தொகையை நீங்கள் பேசித்தான் பெற வேண்டும். மேலாளர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம்.

சட்டம் உறுதியாக உங்கள் பக்கம் நிற்கும் ஒன்றையும் சோதித்துவிடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருந்தாக வேண்டும். மகளின் கைப்பேசியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியை இறக்கி அந்தக் குறியைத் தட்டச்சு செய்தால் நகையின் விவரம் வரும். பில்லில் தங்கத்தின் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். குறித்த தரத்தைவிடத் தங்கம் குறைவாக இருப்பது சோதனையில் தெரிந்தால், குறைந்த மதிப்பைப் போல் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் கடை உங்களுக்குத் தர வேண்டும். அன்றைக்கு அவர்கள் உங்களுக்குக் காட்ட மறுத்த தட்டுகளுக்கு மட்டும் நான் அறிந்த வரையில் பரிகாரம் எதுவும் இல்லை, அது வெட்கக்கேடு.

கேள்வி: கடைக்குப் போகும்போது நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனால்தான் மரியாதை கிடைக்கும் என்கிறார் என் மாமியார். சரியா? — மல்லேஸ்வரம் வாசகி

பதில்: கிடைக்கும். அதற்கான தொகையும் பில்லில் சேர்ந்து வரும்.

கேள்வி: தருமபுரியிலிருந்து வந்திருந்த என் தந்தையைச் சினிமாவுக்காக ஒரு மாலுக்கு அழைத்துச் சென்றேன். அவர் வேட்டி கட்டியிருந்ததால் காவலாளி உள்ளே விடவில்லை. பேன்ட் அணிந்து வரச் சொன்னார். வேட்டியைத் தடுத்தால் தண்டனை உண்டு என்று நண்பர் சொல்கிறார். வழக்குப் போடலாமா? — விவேக்நகர் வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது தமிழ்நாட்டுச் சட்டம். சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தின் வளாகத்தில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்ததைத் தொடர்ந்து 2014-இல் அது இயற்றப்பட்டது. மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் அது செல்லாது. நாடு முழுமைக்கும் பொருந்தும் அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் பொதுக் கேளிக்கை இடங்களிலும் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டித் தடுப்பதை விலக்குகிறது. அந்தப் பட்டியலில் உடை இல்லை.

இருந்தாலும் பெங்களூரில் இதற்கு முன்மாதிரி உண்டு. 2024 ஜூலையில் மாகடி சாலையிலுள்ள ஒரு மாலில், வேட்டி கட்டி வந்த ஹாவேரி மாவட்ட விவசாயி ஒருவரை, மகனோடு சினிமா பார்க்க வந்தவரை, வாசலிலேயே நிறுத்தினார்கள். காணொளி பரவியது, விவசாயிகள் மால் முன்பு திரண்டார்கள், சட்டமன்றத்திலும் பேச்சு எழுந்தது. அந்த மாலை ஏழு நாள் மூட அரசு உத்தரவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், பயணச்சீட்டு வைத்திருந்த ஒரு விவசாயியை உடை அழுக்காக இருக்கிறதென்று தடுத்தபோது, உடனிருந்த பயணிகள் வாதாடி அவரை உள்ளே அனுப்பினார்கள். தடுத்த பாதுகாப்பு மேற்பார்வையாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார். இரண்டு இடத்திலும் வேலை செய்தது சட்டப் பிரிவன்று, பக்கத்தில் நின்றவர்களின் வாயும் கைப்பேசியும்தான்.

உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று: தடுக்கப்பட்டபோது சினிமா டிக்கெட் கையில் இருந்ததா? இருந்தால் உங்கள் தந்தை பணம் கொடுத்துச் சேவை பெற வந்த நுகர்வோர். அதை மறுத்தது சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இணையம் வழியாகவே புகார் பதியலாம். டிக்கெட் வாங்கவில்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அவர் நுகர்வோரே அல்லர். வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர் எப்படி எதையும் வாங்கியிருக்க முடியும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் மால் நிர்வாகத்துக்கு நாள், நேரம், வாசல் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதி, எழுத்தில் பதில் கேளுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகக் கைக்கடிகாரக் கடைக்குள் நுழைந்தேன். "இதெல்லாம் நாற்பதாயிரத்துக்கு மேல், சார்" என்றார் விற்பனையாளர். அவமானமாக இருந்தது. அவர் கண் முன்னாலேயே 1,12,000 ரூபாய்க் கடிகாரத்தைத் தவணையில் வாங்கினேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. 30 நாளுக்குள் திருப்பித் தரலாமாமே? — பெல்லந்தூர் வாசகர்

பதில்: முடியாது. பழுதான பொருளைக் கடை திரும்பப் பெற மறுப்பதுதான் முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடாதபோது 30 நாள் என்ற கணக்கு அதற்குரியது. உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறது. ஓடாமல் இருந்தால் அது வேறு.

நீங்கள் பழி வாங்கியதாக நினைக்கிற அந்த விற்பனையாளருக்கு உங்கள் கோபத்தால் ஊக்கத்தொகை கிடைத்திருக்கக்கூடும். 2022 ஜனவரியில் தும்கூரில் சரக்கு வண்டி விலை கேட்கப் போன ஒரு விவசாயியை விற்பனையாளர் ஏளனம் செய்ததாகவும், அவர் ஒரு மணி நேரத்துக்குள் 10 லட்சம் ரூபாயோடு திரும்பி வந்ததாகவும் செய்தி வந்தபோது நாடே கைதட்டியது. அவர் தமக்குத் தேவையான வண்டியைத்தான் கேட்டார் என்பதைக் கைதட்டியவர்கள் கவனிக்கவில்லை. என் அலமாரியிலும் ஒரு கம்பளிக் கோட்டு தொங்குகிறது. "இது இறக்குமதிச் சரக்கு, சார்" என்று ஒரு கடைப் பையன் சொன்ன தொனிக்காக வாங்கியது. பெங்களூரின் டிசம்பர் மாதத்துக்குக்கூட அது அதிகம். தவணையை ஒழுங்காகக் கட்டுங்கள்.

கேள்வி: பட்டுப் புடவைக் கடையில் உட்கார்ந்தவுடனேயே, "என்ன ரேஞ்ச் பார்க்கிறீங்க?" என்று என் உடையை மேலும் கீழும் பார்த்துக் கேட்கிறார்கள். இது அவமதிப்பா, வியாபார முறையா? — அல்சூர் வாசகி

பதில்: இரண்டும். கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இது என் நெடுநாள் ஆற்றாமை.

புடவையில் தொங்கும் சீட்டை அடுத்த முறை திருப்பிப் பாருங்கள். பல கடைகளில் விலைக்குப் பதிலாகக் கடைக்காரருக்கு மட்டும் புரியும் எழுத்துக் குறி ஒன்று இருக்கும், அல்லது விலையும் குறியும் சேர்ந்து இருக்கும். எவ்வளவு வரை இறங்கலாம் என்பது அந்தக் குறியில் அடங்கியிருக்கும். விலை வெளிப்படையாக எழுதப்படாத இடத்தில் விலையை நிர்ணயிக்க விற்பனையாளருக்கு உங்கள் முகத்தையும், கைப்பையையும், செருப்பையும், பேசும் மொழியையும் தவிர வேறு ஆதாரம் இல்லை. நடந்து வந்தவரா, காரில் வந்தவரா என்று பார்க்கத்தான் சிலர் வாசலில் ஆள் நிறுத்துகிறார்களோ என்று எனக்கு ஐயம் உண்டு. ஏழையாகத் தெரிகிறவருக்கு மட்டமான அடுக்கு விரிகிறது, பணக்காரராகத் தெரிகிறவருக்குக் காப்பியும் கூடுதல் விலையும் வருகின்றன. இரண்டு பேருமே ஏமாறுகிறார்கள், ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே ஏமாறுகிறார். "என்ன ரேஞ்ச்" என்ற கேள்விக்கு நீங்கள் ஒரு தொகையைச் சொன்ன மாத்திரத்தில், அந்தத் தொகைக்குக் கீழே உள்ள நல்ல புடவைகள் எல்லாம் அலமாரியிலேயே தங்கிவிடும். ஆகவே தொகையைச் சொல்லாதீர்கள். நிறத்தையும் எடையையும் கரையின் அகலத்தையும் சொல்லுங்கள், பிடித்ததை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் விலையைக் கேளுங்கள்.

சிக்பேட்டையில் பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் விளையாட்டு என்று சிலர் எழுதுவார்கள். பேரம் பேசத் தெரியாதவரும், பேசக் கூச்சப்படுகிறவரும், கன்னடமோ இந்தியோ வராதவரும் அந்த விளையாட்டின் செலவை ஏற்கிறார்கள். விலைச் சீட்டில் எண் இருக்கும் கடையில் என் வேட்டி சுருங்கியிருந்தாலும் விலை அதேதான்.

தரத்தைப் பொறுத்தவரை விற்பனையாளரின் மரியாதையைச் சான்றாகக் கொள்ளாமல் சில்க் மார்க் முத்திரையைக் கேளுங்கள். நெரிசலுக்காக நாம் நாள்தோறும் திட்டும் சில்க் போர்டு சந்திப்புக்குப் பெயர் கொடுத்த மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் நடப்பது அந்த முத்திரை. அது இல்லையென்றால், முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓரிரு இழையை எரித்துக் காட்டச் சொல்லுங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும்.

கேள்வி: உணவு விநியோகம் செய்கிறேன். இரவு வேலை முடிந்து, சீருடையோடு ஒரு பேரங்காடியில் வீட்டுக்குப் பால், அரிசி வாங்கினேன். பில் காட்டிய பிறகும் காவலாளி என் பையைக் கொட்டச் சொல்லிக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார். மற்ற யாரையும் நிறுத்தவில்லை. — கே.ஆர்.புரம் வாசகர்

பதில்: அவருக்கு அந்த அதிகாரம் இல்லை, தம்பி. பில்லைச் சரிபார்ப்பது வேறு. உங்கள் சம்மதமின்றிப் பையைக் கொட்டுவதும் போக விடாமல் நிறுத்துவதும் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவின்படி, ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்து நிறுத்துவது ஒரு மாதம் வரை சிறைத் தண்டனைக்கோ 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். இனி நடந்தால் அங்கேயே நின்று 112-ஐ அழையுங்கள். நடந்துவிட்டதற்கு இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: அந்த நேரத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கடைத் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய பதிவுகள் தாமாகவே அழிந்துவிடும்; அது தெரிந்துதான் பல கடைகள் பதில் சொல்லத் தாமதிக்கின்றன. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர் என்பதால், பில் இருக்கும்வரை நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது.

கேள்வி: கோட்டு, டை, அடையாள அட்டையோடு பார்க்க மிகவும் கண்ணியமாக இருந்த ஒருவர் வீட்டுக்கே வந்து குடிநீர்ச் சுத்திகரிப்பான் விற்றார். 18,000 ரூபாய் கொடுத்தேன். பில் பிறகு வரும் என்றார். இப்போது எண் அணைந்திருக்கிறது. — ஜெயநகர் வாசகர்

பதில்: கடைக்காரர் உங்கள் உடையைப் பார்த்தால் அவமதிப்பு, நீங்கள் அவர் டையைப் பார்த்தால் நம்பிக்கையா? பணத்தை யூபிஐ மூலம் அனுப்பியிருந்தால் அதில் பெயர் இருக்கும். அதோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் போங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். எல்லோரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். பத்துப் புடவை விரித்து ஒன்றும் விற்கவில்லை என்றால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். யாருக்கு எந்த அடுக்கைக் காட்டுவது என்று அவர்தான் கண்ணைக் காட்டுகிறார். நாள் முழுக்க நிற்கிறோம். — சிவாஜிநகர் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். விற்பனையில் பங்கு என்ற ஊக்கத்தொகை முறை, வாங்காமல் போகக்கூடியவரிடம் செலவாகும் ஒவ்வொரு நிமிடத்தையும் உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கிறது. அப்படி ஒரு கணக்கை வைத்துவிட்டு வாசலில் 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று பலகை மாட்டுகிறார்கள். கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. உங்கள் முதலாளிக்குத் தமிழ்நாட்டிலும் கிளை இருந்தால், அங்கே நாற்காலி போட்டிருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என்னை அலட்சியமாக நடத்திய விற்பனையாளரின் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். சமூக ஊடகத்தில் போடலாமா? — இந்திராநகர் வாசகர்

பதில்: வேண்டாம். மேலே உள்ள கடிதத்தைப் படித்துவிட்டு, உங்கள் புகாரை அவருக்கு அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவருக்கு எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தத் தளம், எந்தப் பிரிவு, சொன்ன சொற்கள் அப்படியே. கடையின் பெயரைப் போட்டு நடந்ததை நடந்தபடி எழுதுவதற்கு உங்களுக்குத் தடை இல்லை. பெயர் கெடும் என்ற பயம் முதலாளிக்குத்தான் இருக்க வேண்டும், மாதச் சம்பளக்காரருக்கு அல்ல.