தோற்ற கட்சியும் வென்ற கோரிக்கைகளும்: வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவில் 1890-க்கும் 1920-க்கும் இடையே நடந்த சீர்திருத்தப் போராட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மக்கள் கட்சி இயக்கம், முற்போக்கு இயக்கம் என்று இரண்டு பெயர்கள் எங்கள் பாடநூலில் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் ஒன்றுதானா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ஒன்றல்ல. மக்கள் கட்சி, கடனில் சிக்கிய பருத்தி விவசாயிகளும் கோதுமை விவசாயிகளும் டெக்சாஸ், கான்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் தாங்களே கட்டிய இயக்கம். 1892 ஜூலை 4 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் கூடி அவர்கள் தங்கள் கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். கோடிக்கணக்கானோரின் உழைப்பின் பலன், ஒரு சிலரின் பெருஞ்செல்வத்தைக் குவிப்பதற்காகத் துணிந்து திருடப்படுகிறது என்று அந்த அறிக்கையின் முன்னுரை கூறியது. அதே ஆண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

முற்போக்கு இயக்கம் 1900-க்குப் பிறகு வலுப்பெற்றது. அதை முன்னின்று நடத்தியவர்கள் பெரும்பாலும் நகரங்களில் வாழ்ந்த, படித்த நடுத்தர வகுப்பினர்: வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், சமூகப் பணியாளர்கள், பேராசிரியர்கள். விஸ்கான்சின் மாநில ஆளுநராக இருந்த ராபர்ட் லா ஃபாலெட், சிகாகோவில் 1889-ல் 'ஹல் ஹவுஸ்' என்ற சமூக சேவை இல்லத்தை நிறுவிய ஜேன் ஆடம்ஸ், எண்ணெய்த் தொழிலில் ஆதிக்கம் செலுத்திய ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் வரலாற்றை 1902 முதல் தொடராக எழுதிய ஐடா டார்பெல் ஆகியோர் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். முந்தைய இயக்கம் ரயில் பாதைகளையே அரசுடைமையாக்கக் கோரியது. பிந்தைய இயக்கம் ரயில் கட்டணத்தை அரசு ஆணையம் கட்டுப்படுத்தினால் போதும் என்று கருதியது. ஆயினும் ஒமாஹா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 1913 வரை நிறைவேறிய சட்டங்களைப் பார்த்தால், வருமானத்துக்கேற்ப உயரும் வருமான வரி, செனட் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, அஞ்சலகச் சேமிப்பு வங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த விவசாயிகளின் கோரிக்கைகளே சட்டமாகியிருப்பதைக் காணலாம். கோரியவர்களின் கட்சி அதற்குள் கலைந்து போயிருந்தது. இந்தக் காலத்தைப் படிக்கும் மாணவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: பரந்த நிலமும் ரயில் வசதியும் இருந்த அமெரிக்க விவசாயி ஏன் கடனில் மூழ்கினார்?
(ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், மதுரை)

தாங்கள் பணியாற்றிய துறையிலிருந்தே இதற்கு விடை தொடங்குகிறது: தென் மாநிலக் கிராமங்களில் வங்கி என்று ஒன்று அநேகமாக இல்லை. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபோது தெற்கின் வங்கிகள் அழிந்திருந்தன. விதை, உரம், மாவு, பன்றி இறைச்சி, துணி என எல்லாவற்றையும் விவசாயி ஊர்க் கடைக்காரரிடமே கடனாக வாங்கினார். அதற்கு ஈடாக, இன்னும் முளைக்காத பயிரைக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று என இரண்டு விலைகள் இருந்தன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது பல இடங்களில் 50 சதவீதத்தையும் தாண்டியது. அறுவடையான பருத்தி நேராகக் கடைக்காரரிடம் போகும். கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கிக்காக அடுத்த ஆண்டுப் பயிரையும் அவருக்கே எழுதித் தர வேண்டும். எளிதில் விற்கக்கூடிய பயிர் பருத்தி என்பதால் அதையே பயிரிடும்படி கடைக்காரர் வற்புறுத்தினார். அதனால் உணவுப் பயிர் குறைந்தது. உணவுக்காக வாங்கிய கடன் கூடியது.

இதற்கு மேல் விலை வீழ்ச்சி வந்தது. 1873 வாக்கில் ஒரு பவுண்டு பருத்தி ஏறத்தாழ 14 சென்ட்டுக்கு விற்றது. 1894-ல் அது 5 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. நூறு டாலர் கடனை அடைக்க முன்பு சுமார் 715 பவுண்டு பருத்தி போதுமென்றால், இப்போது 2,000 பவுண்டுக்கு மேல் தேவைப்பட்டது. மக்கள்தொகையும் விளைச்சலும் பெருகிக்கொண்டிருந்த நாட்டில், டாலரைத் தங்கத்தோடு மட்டும் பிணைத்து வைத்து, புழக்கத்திலுள்ள பணத்தை இறுக்கிப் பிடித்ததே இந்த வீழ்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். அவர்களைப் பொருளாதாரம் அறியாதவர்கள் என்று அன்றைய கிழக்குப் பகுதிப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. ஆனால் பணச்சுருக்கம் கடன் வாங்கியவரின் சுமையைக் கூட்டும் என்பதை இன்று எந்தப் பொருளாதார அறிஞரும் மறுக்க மாட்டார்.

மக்கள் கட்சிக்கு முன்னோடியான விவசாயிகள் கூட்டணி என்ற அமைப்பு டெக்சாஸ் மாநிலத்தின் லாம்பசாஸ் வட்டாரத்தில் 1877-ல் தோன்றி, கூட்டாக வாங்கவும் கூட்டாக விற்கவும் முயன்றது. முதலீடு கிடைக்காமல் அந்தக் கூட்டுறவு முயற்சிகள் முறிந்தபோதுதான், அதன் தலைவர்களில் ஒருவரான சார்லஸ் மக்யூன் 1889-ல் துணைக் கருவூலத் திட்டத்தை முன்வைத்தார். விவசாயி தன் விளைச்சலை அரசுக் கிடங்கில் வைப்பார். அதன் மதிப்பில் 80 சதவீதத்தை மிகக் குறைந்த வட்டிக்கு அரசு கடனாகத் தரும். விலை ஏறும்போது அவர் விற்றுக்கொள்வார். அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்று விலையைச் சரிக்கும் நிலையையும் கடைக்காரரின் பிடியையும் ஒருங்கே நீக்கக்கூடிய திட்டம் அது. அந்த இயக்கம் உருவாக்கிய சிந்தனைகளில் இதுவே ஆழமானது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: வெள்ளி நாணயத்தை வைத்து ஒரு தேர்தலே நடந்ததாகப் படித்தேன். அதற்கு இந்தியாவோடு ஏதேனும் தொடர்பு உண்டா?
(பட்டதாரி ஆசிரியர், விருதுநகர்)

உண்டு. யார் வெள்ளியைக் கொண்டுவந்தாலும் அரசு அதை நாணயமாக அடித்துத் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை அமெரிக்கா 1873-ல் கைவிட்டது. பதினாறு பங்கு வெள்ளி ஒரு பங்கு தங்கத்துக்குச் சமம் என்ற விகிதத்தில் அதை மீட்டால் பணப்புழக்கம் பெருகும், விலை உயரும், கடன் இளகும் என்பது விவசாயிகளின் வாதம். வெள்ளி ரூபாயைப் பயன்படுத்திய இந்தியாவின் கோதுமையும் பருத்தியும், வெள்ளியின் விலை சரியச் சரிய, ஐரோப்பியச் சந்தையில் தங்கள் சரக்கைவிட மலிவாகின்றன என்ற குறையும் அவர்களுக்கு இருந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசும் தன் நாணயச் சாலைகளில் வெள்ளியைத் தடையின்றி ஏற்பதை நிறுத்தியது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை மேலும் விழுந்தது. அமெரிக்காவில் ஏற்கெனவே தொடங்கியிருந்த நிதி நெருக்கடி தீவிரமாயிற்று.

1896 ஜூலையில் சிகாகோ நகரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், 36 வயதே ஆன வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மனிதகுலத்தைத் தங்கச் சிலுவையில் அறையக் கூடாது என்று பேசி வேட்பாளரானார். மக்கள் கட்சியும் அவரையே தன் வேட்பாளராக ஏற்றது. தேர்தலில் குடியரசுக் கட்சியின் வில்லியம் மெக்கின்லி 271 தேர்வாளர் வாக்குகளும் (குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகளின் வாக்குகள்) பிரையன் 176 வாக்குகளும் பெற்றனர். அதன் பிறகு தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் க்ளோண்டைக் பகுதியிலும் கிடைத்த புதிய தங்கத்தால் பணப்புழக்கம் தானாகவே பெருகி, விலைகளும் ஏறின. பணம் கூடினால் விலை ஏறும் என்ற விவசாயிகளின் கணக்கு சரிதான் என்பதை அந்தத் தங்கமே காட்டியது. ஆனால் வெள்ளி என்ற ஒற்றை முழக்கத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கியதால், கிடங்குக் கடன், ரயில் அரசுடைமை போன்ற வலுவான கோரிக்கைகள் பின்னுக்குப் போய்விட்டன. தலைவர்கள் செய்த அந்தத் தேர்வு எனக்கு இன்றும் வருத்தம் தருவது.

கேள்வி: கறுப்பின விவசாயிகளும் வெள்ளை விவசாயிகளும் ஒன்றாகப் போராடினார்கள் என்பது எவ்வளவு தூரம் உண்மை?
(வழக்கறிஞர், சேலம்)

ஓரளவுக்கு உண்மை, அந்த அளவின் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விவசாயிகள் கூட்டணி தெற்கில் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆகவே கறுப்பின விவசாயிகள் 1886-ல் டெக்சாசில் தங்களுக்கென்று தனிக் கூட்டணி அமைத்தார்கள். 1891-ல் பருத்தி பறிக்கும் கூலியை உயர்த்தக் கோரி அவர்களில் ஒரு பிரிவினர் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, வெள்ளைக் கூட்டணியின் தலைவர்கள் அதை எதிர்த்தார்கள்; அவர்களே கூலி கொடுக்கும் நிலவுடைமையாளர்களாக இருந்தார்கள். ஆர்கன்சாவில் அந்த வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவர்களில் பலர் கும்பலால் கொல்லப்பட்டார்கள்.

இதற்கு அடுத்த ஆண்டே, ஜார்ஜியாவின் மக்கள் கட்சித் தலைவர் டாம் வாட்சன், தனித்தனியே கொள்ளையடிப்பதற்காகவே உங்கள் இருவரையும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று இரு இன விவசாயிகளையும் நோக்கி எழுதினார். அன்றைய தெற்கில் ஒரு வெள்ளை அரசியல்வாதி அப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். வட கரோலினாவில் மக்கள் கட்சியும் குடியரசுக் கட்சியும் சேர்ந்து மாநிலச் சட்டமன்றத்தையே கைப்பற்றின; கறுப்பின மக்கள் பலர் உள்ளூர்ப் பதவிகளுக்கு வந்தார்கள். அதற்கு எதிர்வினையாக 1898 நவம்பர் 10 அன்று வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்தது.

தென் மாநிலங்கள் அடுத்தடுத்து எழுத்தறிவுத் தேர்வு, வாக்காளர் வரி ஆகியவற்றைக் கொண்டுவந்து வாக்குரிமையைப் பறித்தன. லூசியானாவில் 1896-ல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் பதிவு பெற்றிருந்தார்கள். 1900-ல் எஞ்சியவர்கள் 5,320 பேர். ஏழை வெள்ளையர் பலரும் வாக்கை இழந்தார்கள். வாட்சனோ பின்னாளில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்கே துணை நின்று, யூதர்கள் மீதும் கத்தோலிக்கர்கள் மீதும் வெறுப்பைப் பரப்பி, 1920-ல் செனட் உறுப்பினரானார்.

முற்போக்குக் காலத்தின் பெருமைகளைப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது. கட்சித் தலைவர்களின் பிடியிலிருந்து வேட்பாளர் தேர்வை மீட்பதற்கென்று கொண்டாடப்பட்ட முதல்நிலைத் தேர்தல், தெற்கில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் தேர்தலாக நடந்தது. முற்போக்காளர் என்று பெயர் பெற்ற உட்ரோ வில்சன் 1913-ல் ஆட்சிக்கு வந்தபின், மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்கள் தனியே பிரித்து அமர்த்தப்பட்டார்கள்.

கேள்வி: பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் அவர்கள் தொழிற்சாலைச் சட்டங்களைக் கொண்டுவந்தது எப்படி?
(வாசகி, கோயம்புத்தூர்)

நேரில் சென்று பார்த்து, எண்ணி, எழுதி வைத்ததன் மூலமாக. ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃப்ளோரன்ஸ் கெல்லி, சிகாகோவின் குடிசைத் தையல் கூடங்களை வீடு வீடாக ஆய்வு செய்தார். அதன் பயனாக 1893-ல் இல்லினாய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் இயற்றி அவரையே தலைமை ஆய்வாளராக நியமித்தது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற பிரிவை மாநில உச்ச நீதிமன்றம் 1895-ல் செல்லாததாக்கியபோதும் அவர் தளரவில்லை. ஆரிகன் மாநிலத்தில் சலவை நிலையப் பெண்களின் வேலையைப் பத்து மணி நேரத்துக்கு வரையறுத்த சட்டம் 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அப்போது கெல்லியும் ஜோசபின் கோல்ட்மார்க்கும் திரட்டிய மருத்துவச் சான்றுகளையும் ஆய்வாளர் அறிக்கைகளையும் கொண்டே வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட வாதவுரையை அளித்தார். அதில் சட்ட வாதத்துக்கு ஒதுக்கப்பட்டவை ஏறத்தாழ இரண்டு பக்கங்களே. வழக்கு வென்றது.

ஆனால் சட்டத்தை எழுத வைத்தவர்களில் இறந்தவர்களும் உண்டு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய யூத, இத்தாலிய இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. இதற்கு ஓராண்டு முன்புவரை அதே தொழிலின் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து சங்க உரிமைக்காகப் போராடியிருந்தார்கள். அந்த ஆலை சங்கத்தை ஏற்க மறுத்தது. தீ விபத்துக்குப் பின் அமைந்த விசாரணைக் குழு மாநிலம் முழுவதும் ஆலைகளைப் பார்வையிட்டு முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களுக்கு வழி செய்தது. தெருவில் நின்று அந்தத் தீயைக் கண்ட ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற சமூகப் பணியாளர், 1933-ல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலரானார். பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல்தான்.

கேள்வி: பணக்காரர்கள் மீதான வருமான வரியை அந்த நாட்டுச் சட்டமன்றம் எப்படி ஏற்றது?
(வாசகர், புதுச்சேரி)

1894-ல் 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 2 சதவீத வரி விதிக்கப்பட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை நீக்கியது. 1909-ல் மீண்டும் கோரிக்கை வலுத்தபோது, அதை எதிர்த்த தலைவர்களே அரசியல் சட்டத் திருத்தமாகக் கொண்டுவரச் சம்மதித்தார்கள்; நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்புக்கொள்ளமாட்டா என்பது அவர்கள் போட்ட கணக்கு. மாநிலங்கள் ஒப்புக்கொண்டன. 1913 பிப்ரவரியில் பதினாறாம் திருத்தம் நிறைவேறியது.

கேள்வி: விவசாயிகளின் கிடங்குக் கடன் திட்டம் எப்போதாவது நடைமுறைக்கு வந்ததா?
(விவசாயி, தஞ்சாவூர்)

பகுதி பகுதியாக வந்தது. உரிமம் பெற்ற கிடங்கின் ரசீதை ஈடாக வைத்துக் கடன் பெற 1916-ல் ஒரு மத்தியச் சட்டம் வழி செய்தது. வடக்கு டகோட்டாவின் விவசாயிகள் 1915-ல் தொடங்கிய கட்சி சார்பற்ற கழகத்தின் மூலம் மாநில ஆட்சியைப் பிடித்து, 1919-ல் மாநில அரசுக்குச் சொந்தமான வங்கியை நிறுவினார்கள். அது இன்றும் இயங்குகிறது. 1933-ல் அரசு நிறுவனம் ஒன்று, சேமித்து வைத்த விளைச்சலின் பேரில் நேரடியாகக் கடன் தரத் தொடங்கியது. அது மக்யூன் கேட்டதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு.

ஆனால் அதே ஆண்டு, பருத்தி விலையை உயர்த்துவதற்காகச் சாகுபடிப் பரப்பைக் குறைத்தவர்களுக்கு அரசு இழப்பீடு வழங்கியபோது, பணம் நில உரிமையாளர்களுக்கே சென்றது. தேவைப்படாமல் போன வாரக் குத்தகையாளர்களை அவர்களில் பலர் வெளியேற்றினார்கள். 1890-களில் விவசாயிகள் இயக்கம் யாருக்காகத் தோன்றியதோ அவர்களில் கடைக்கோடியில் இருந்தவர்கள் இவர்கள்தான். 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரோன்சா என்ற சிற்றூரில் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பினத்தவரும் கூடி, தென் மாநிலக் குத்தகை விவசாயிகளுக்கு ஒரே சங்கமாக ஒன்றைத் தொடங்கினார்கள்.