பனியை உருக்கினால் பாத்திரம் ஏன் தீய்கிறது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் நண்பர்கள் நான்கு பேர் உத்தரகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போகிறோம். போன வருடம் வேறொரு மலையில் பனியை உருக்கிக் குடித்தோம். பாத்திரம் தீய்ந்து தண்ணீரெல்லாம் புகை நாற்றம். கேஸும் பாதியில் தீர்ந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: வெறும் பனியை அமுக்கி நிரப்பி, அடுப்பைப் பெரிதாக வைத்திருப்பீர்கள். நானும் அவசரத்தில் இரண்டு முறை இப்படித் தீய்த்திருக்கிறேன். அடியில் உருகும் நீரை மேலே இருக்கும் பனி பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது. அடிப்பாகம் வறண்டு, வெறும் பாத்திரம்தான் காய்கிறது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சூடாக்குங்கள். பிறகு சிறு தீயில், கைப்பிடி கைப்பிடியாகப் பனியைப் போடுங்கள். மறுநாள் காலைக்கான அந்த ஒரு டம்ளரை முந்தின இரவே எடுத்து வைத்துவிட வேண்டும்.

கேஸ் விஷயம் வேறு. 0 டிகிரிப் பனியை அதே 0 டிகிரியில் தண்ணீராக்கச் செலவாகும் வெப்பத்தில், அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். என் கணக்கில் ஒரு லிட்டரை உருக்கிக் கொதிக்கவைக்க 30 கிராம் கேஸ் ஆகும். 230 கிராம் சிலிண்டர் ஏழு லிட்டருக்குத்தான் வரும். காற்றடித்தால் அதுவும் வராது. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கே பத்து லிட்டருக்கு மேல் வேண்டுமே! அதனால் ஓடும் நீர் கண்ணில் பட்டால் அதையே மொண்டுகொள்ளுங்கள். அடுத்த தேர்வு பனிக்கட்டி. புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. பாத்திரம் நிறைய அள்ளினாலும் அடியில்தான் தண்ணீர் தேறும்.

வெறும் பியூட்டேன் சிலிண்டர் உறைகுளிரில் கைவிட்டுவிடும். புரொப்பேன் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். விமானத்தில் அனுமதி கிடையாது, டேராடூனில் இறங்கி வாங்குவதுதான் வழி.

மேல் முகாமில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். மூன்று நிமிடம் தளதளக்க விடுங்கள். கோவேறு கழுதைத் தடம், கழிப்பிடம் பக்கம் பனி அள்ளாதீர்கள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது பாசி, விட்டுவிடுங்கள். எவ்வளவு குளிரினாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம். கார்பன் மோனாக்சைடு நாற்றமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

உருக்கிய தண்ணீர் சப்பென்றிருக்கும். டீ ஆற்றுவது போல நாலு முறை ஆற்றினால் ருசி வரும். இரவில் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும், காலையில் மூடி திறக்கும்.